எடையை மட்டும் பார்த்து டென்ட் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மலையேற்றத்துக்கான எடை குறைந்த டென்ட்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் படித்து முடிக்கும்போது, ஒரு கிலோவுக்குக் கீழே எது இருக்கிறதோ அதுதான் நல்ல டென்ட் என்ற எண்ணம்தான் மனதில் நிற்கிறது. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இப்போது காலேஜ் முடித்த பிள்ளைகள் நிறையப் பேர் மலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார்கள், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆன்லைனில் டென்ட் வாங்குகிறார்கள். அவர்கள் அந்தக் கட்டுரையை நம்பிக் காசைக் கொட்டிவிட்டு ராத்திரி சாரலில் நனைந்துகொண்டு உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதுகில் சுமை குறைந்தால் முழங்கால் தப்பிக்கும், இறக்கத்தில் கால் தடுமாறாது, அருவியைப் பார்க்கத் தலையை நிமிர்த்தவாவது தோன்றும். ஆனால் இந்த கிராம் கணக்கு எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கிலோமீட்டர், பசிபிக் கிரெஸ்ட் பாதை 4,200 கிலோமீட்டருக்கு மேல், இவற்றை ஒரே மூச்சில் நடப்பவர்கள் ஐந்தாறு மாதம் நடக்கிறார்கள். எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955-இல் தன் 67-ஆவது வயதில் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார், தானே தைத்த ஒரு துணிப்பையில் மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றும் வேறு சில பொருட்களும்தான் அவர் கொண்டுபோனது. சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக மொத்தச் சுமையும் 4.5 கிலோவுக்குள் இருந்தால்தான் அங்கே அதை அல்ட்ராலைட் என்கிறார்கள். மாதக்கணக்கில் நடப்பவர்களுக்கு அது நியாயம்தான். அதிலும் பசிபிக் பாதையின் தென்பகுதி காய்ந்த பாலை நிலம். அங்கே தூங்கி எழுந்தவர் எழுதும் விமர்சனத்தை வைத்து, தென்மேற்குப் பருவமழை வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற குமரி மாவட்டத்தில் டென்ட் தேர்ந்தெடுக்க முடியாது.

முதலில் துணி. விற்கிறவர்கள் 20 டீனியர், 15 டீனியர், 10 டீனியர் என்று எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டீனியர். 10 டீனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூலுக்குப் பத்தே கிராம், எவ்வளவு மெல்லியது என்று யோசித்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணி எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை, நூலின் பின்னலும் பூச்சும் நன்றாக இருந்தால் 15, 20 டீனியர் துணி பல வருஷம் உழைக்கும். ஆனால் அது நைலானா பாலியஸ்டரா என்பதைத்தான் நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்க வேண்டும். நைலான் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் நீளும். சாயங்காலம் முரசு மாதிரி விறைப்பாகக் கட்டிவைத்த மேலுறை, அதாவது மழையைத் தடுக்கிற வெளித்துணி, ராத்திரி பத்து மணிக்குத் தொய்ந்து தொங்கும்.

இதை மாறாமலை போகிற பக்கம் ஒரு கிராம்புத் தோட்டத்தில் கண்ணால் பார்த்தேன். தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு நண்பர்கள் சிலர் ஆளுக்கொரு டென்ட் போட்டோம். காவலுக்கு இருந்த பெரியவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மக்களே, இந்தத் துணிக்குள்ளயா படுக்கப் போறிய?” என்று கேட்டார். அவர் கவலைப்பட்டதில் அர்த்தம் இருந்தது. பெரிய மழை இல்லை, விட்டு விட்டுச் சாரல்தான். சிலிகான் பூசிய நைலான் டென்டில் படுத்திருந்த நண்பனின் மேலுறை தொய்ந்து உள்வலையில் ஒட்டிக்கொண்டது, ஒட்டிய இடத்தில் எல்லாம் ஈரம் வலை வழியாகச் சொட்டி அவன் தூக்கப்பையின் கால்மாட்டை நனைத்துவிட்டது. அவன் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஒவ்வொரு கயிறாக இழுத்துக் கட்டினான், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தொய்வு. பக்கத்தில் பாலியஸ்டர் டென்ட் போட்டவன் காலைவரை எழுந்திருக்கவே இல்லை. நைலான் டென்ட் வைத்திருப்பவர்கள் தூக்கிப்போட வேண்டாம், படுக்கப் போகும் முன் ஒருமுறை எல்லாக் கயிற்றையும் இறுக்கிவிட்டுப் படுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் புதிதாக வாங்குகிறவர்கள் சிலிகான் பூசிய பாலியஸ்டரைக் கேட்டு வாங்குங்கள். வெயிலையும் அது நைலானைவிட நன்றாகத் தாங்கும்.

அப்புறம் பூச்சு. உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் இது, எனக்கு ரொம்ப வருத்தம். விலை குறைந்த டென்ட்களில் துணியின் உள்பக்கம் பாலியுரீத்தேன் பூச்சுத்தான் இருக்கும், சிலவற்றில் வெளியே சிலிகான், உள்ளே பாலியுரீத்தேன். இந்தப் பாலியுரீத்தேனுக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆகாது, தண்ணீர் அதன் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும். காய்ந்த ஊர்களில் பல வருஷம் தாங்குகிற பூச்சு, கடல் காற்றும் புழுக்கமும் உள்ள நம் வீட்டுப் பரணில் சீக்கிரமே பலாப் பசை மாதிரி ஆகிவிடுகிறது. எடுத்து விரித்தால் துணியோடு துணி ஒட்டும், புளித்த வாடை அடிக்கும், தோல் தோலாக உரியும். அதற்குப் பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை. இரண்டு பக்கமும் சிலிகான் உள்ள துணிக்கு இந்த நோய் வராது. ஆனால் தையலை அடைக்கிற டேப் சிலிகானில் ஒட்டாது என்பதால் அந்த மாதிரி டென்ட்களின் தையலை நாமே அடைக்க வேண்டும், சிலிகான் பசையைக் கரைப்பானில் நீர்க்கக் கரைத்துப் பெயின்ட் பிரஷால் தையல் ஓரமாகத் தடவி ஒரு நாள் காயவிட வேண்டும். ஒரு சாயங்கால வேலைதான், சோம்பல்பட்டால் மழை அந்தத் தையலூசி ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும்.

டைனீமா என்று ஒன்று இருக்கிறது. பாய்மரப் படகுகளின் பாய்க்காக உருவாக்கிய துணியில் இருந்து வந்தது, பாலிஎத்திலீன் இழைகளை மெல்லிய பாலியஸ்டர் தாள்களுக்கு நடுவே வைத்து ஒட்டியது. தண்ணீரைக் குடிக்காது, நீளாது, இரண்டு பேர் படுக்கும் டென்ட் அரைக் கிலோ வாக்கில்தான் இருக்கும். எனக்கு ஆசைதான். ஆனால் வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, முள் குத்தினால் ஓட்டை விழுகிறது, சூட்டில் சீக்கிரம் உருகுகிறது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மலைக்குப் போகிற ஒருவர் அவ்வளவு பணம் போட வேண்டியதே இல்லை.

ஒற்றைச் சுவர் டென்ட் பற்றிக் கட்டுரை ரொம்பப் பாராட்டி எழுதியிருந்தது. உள்வலை தனியாக இல்லாமல் ஒரே துணியாக இருப்பது, அதனால் முந்நூறு நானூறு கிராம் மிச்சம். அந்த முந்நூறு கிராமை நம் மலையில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலுமாக ஓர் ஆள் வெளியே விடுகிற ஈரம் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாது. வானம் தெளிந்த ராத்திரியில் மேல்துணி சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அந்த ஈரம் எல்லாம் அதன் உள்பக்கத்தில் முத்து முத்தாகப் படியும். புரண்டு படுத்தால் தோள் பட்டு நனையும், காற்று அடித்தால் தலைமேலே தூறும். வெளியே மழையே இல்லாமல் உள்ளே நனைகிறவர்கள் டென்ட் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். உள்ளே வலை தனியாக இருந்தால் இந்தத் தண்ணீர் மேலுறையோடு வழிந்து வெளியே போய்விடும். வலைக்கு இன்னொரு வேலையும் உண்டு: மழைக்காலத்தில் மலையோரக் காட்டில் அட்டையும், மற்ற காலத்தில் உண்ணியும் கொசுவும் இருக்கிற ஊரில் அடித்தளம் இல்லாத வெறும் தார்ப்பாய்க்குள் படுப்பது தூக்கத்தைக் கெடுக்கிற வேலை. கண்ணி ரொம்பப் பொடியாக இருக்கிற வலையாகப் பாருங்கள், அதோடு மேலுறையின் இரண்டு முனையிலும் காற்றுப்போக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். மழை என்று பயந்து அதை மூடாதீர்கள்.

எப்படி நிற்கிறது என்பது அடுத்தது. மிக எடை குறைந்தவை பெரும்பாலும் நடக்கும்போது ஊன்றுகிற கம்புகளையே தூணாக வைத்துக் கட்டுபவை, தரையில் முளை இறங்கினால்தான் நிற்கும். சொந்த வளை கம்பி உள்ளவை ஓரளவு தானாக நிற்கும், ஆனால் எடை கூடும். நம் மாவட்டத்தில் தரை ஊருக்கு ஊர் வேறு. ரப்பர் தோட்டத்துச் செம்மண்ணில் மழைக்குப் பின் முளை வெண்ணெயாக இறங்கும், அதே வேகத்தில் வெளியே வரும். கோடையில் அதே மண்ணில் டென்டோடு தருகிற கம்பி முளை வளைந்துபோகும், அதற்குக் குறுக்குவெட்டில் ஒய் வடிவம் உள்ள அலுமினிய முளை வேண்டும். மருந்துவாழ்மலை மாதிரிப் பாறையில் எதுவும் இறங்காது. அங்கே கயிற்று நுனியை ஒரு சின்னக் கல்லில் கட்டித் தரையில் வைத்து, அதற்கு முன்னால், டென்ட் இருக்கும் பக்கமாக, பெரிய கல்லைக் கயிற்றின்மேல் வையுங்கள். கயிறு இழுக்கும்போது சின்னக் கல் பெரிய கல்லில் போய் முட்டி நிற்கும், பெரிய கல்லிலேயே நேராகக் கட்டினால் வருகிற உராய்வும் இருக்காது, கயிறும் அறுபடாது. தேரி மணலிலும் கடற்கரையிலும் முளையால் பயனில்லை. பையில் மணலை நிரப்பி நடுவில் கயிற்றைக் கட்டி முழங்கை ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள், அசையாது. மெல்லிய வழுக்குக் கயிற்றில் நழுவாத முடிச்சு போடத் தெரியவில்லை என்றால் முட்டம், குளச்சல் பக்கம் வலை கட்டுகிற அண்ணன்மாரிடம் கேளுங்கள், ஐந்து நிமிஷத்தில் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

காற்றைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர்வரை அந்தப் பக்கம் டென்ட் போடுவதே வேண்டாம் என்பேன். மற்ற மாதங்களிலும் கொஞ்சம் திறந்த மேட்டில் போட வேண்டி வந்தால் தாழ்ந்த, குறுகிய முனை காற்றைப் பார்த்து இருக்கட்டும், வாசல் காற்று அடிக்காத பக்கம். மேலுறையில் நடுவில் தொங்குகிற வளையங்களை நிறையப் பேர் அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள், காற்றைத் தாங்குவதே அந்த வளையத்தில் கட்டுகிற கயிறுதான். டென்டின் உயரம் குறைவாக இருப்பது காற்றுக்கு நல்லது, மழையில் உள்ளேயே உட்கார்ந்திருக்க உயரம் வேண்டும், இரண்டுக்கும் நடுவில் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மழைக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள், 1,200 மில்லிமீட்டர், 3,000 மில்லிமீட்டர் என்று. துணிமேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று அர்த்தம். மேலுறைக்கு 1,500 இருந்தாலே நம் மழைக்குப் போதும். தரைத்துணிக்கு அது போதாது, ஈரத் தரையில் முழங்காலை ஊன்றினால் அந்த இடத்தில் அழுத்தம் பல மடங்கு. அதனால் தரைத்துணியின் எண்ணைத் தனியாகக் கேளுங்கள். அடியில் விரிக்கும் பாலித்தீன் தாள் டென்டைவிட ஒரு விரல் உள்ளடங்கியே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே விழும் மழையை எல்லாம் பிடித்து நம் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

எடை எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பல கம்பெனிகள் பெரிய எழுத்தில் போடுவது மேலுறை, உள்வலை, கம்பி மட்டும் சேர்ந்த எடை. முளை, கயிறு, பை, தரைத்தாள் எல்லாம் சேர்த்தால் கால் கிலோ சாதாரணமாகக் கூடும். கம்பு ஊன்றும் டென்டில் கம்பின் எடை கணக்கிலேயே வராது. கடையில் வாங்கினால் தராசு கேட்டு மொத்தமாக வைத்துப் பாருங்கள். ‘இருவர்’ என்று எழுதியிருந்தாலும் அகலம் பெரும்பாலும் 130 சென்டிமீட்டருக்குள்தான், கால்மாட்டில் இன்னும் குறுகும். இரண்டு பேரும் பையுமாகப் படுக்க முடியாது. ஆறடி ஆள் என்றால் சரிந்த சுவரில் தலையும் பாதமும் இடிக்காமல் இருக்கிறதா என்று படுத்தே பார்க்க வேண்டும், வெட்கப்படாதீர்கள்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் என் கணக்கு இதுதான்: உள்வலை தனியாக உள்ள, பாலியஸ்டர் மேலுறை உள்ள, ஒருவருக்கு ஒன்றரைக் கிலோவுக்குள், இருவருக்கு இரண்டு கிலோவை ஒட்டி முடிகிற டென்ட் நம் ஊருக்குப் போதுமானது. இதைவிடக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் பையில் இருக்கிற மாற்றுத் துணியையும் கண்ணாடிப் பாட்டிலையும் குறைக்கலாம், அதற்குக் காசு செலவில்லை.

வாங்கிய உடனே மலைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வீட்டு விளையில் போட்டு ஒரு மழை ராத்திரி படுத்துப் பாருங்கள், தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம். காட்டோரத் தோட்டத்திலும் படுக்கும் முன் மேலே பாருங்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் நம் ரப்பர் மரங்கள் எப்படி முறிந்து கிடந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். காய்ந்த ஓடை மணல் மெத்தை மாதிரித் தெரியும், மேலே மலையில் பெய்தால் உங்களுக்கு மழையே இல்லாமல் வெள்ளம் வரும். உள்ளே அடுப்புப் பற்றவைப்பது கூடவே கூடாது, துணி உருகுவது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

திரும்பி வந்ததும் செய்கிற வேலையில்தான் டென்டின் ஆயுசு இருக்கிறது. மொட்டைமாடி உச்சி வெயிலில் காயப்போடாதீர்கள், வெயில் இழையைத் தின்றுவிடும், நிழலில் காற்றாடக் காயட்டும். தையல் மடிப்பையும் முளைப் பையையும் தொட்டுப் பார்த்து ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகே மடியுங்கள். கடற்கரையில் போட்டிருந்தால் ஜிப்பை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், உப்பும் மணலும் ஜிப்பைத்தான் முதலில் கெடுக்கும். சோப்புத்தூள், வாஷிங் மெஷின் வேண்டாம். அந்தச் சின்னப் பைக்குள் வருஷக்கணக்காகத் திணித்து வைக்காமல் பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடையிடையே எடுத்து உதறாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

கடைசியாக, கட்டுரையில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒன்று. எங்கே போடுவது? 2008-இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு நம் மலைக்காடுகளில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம், இரவு தங்குவது பற்றிச் சொல்லவே வேண்டாம். கீரிப்பாறை, பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் யானை நடமாட்டம் உண்டு, 15 டீனியர் துணி யானைக்கும் நமக்கும் நடுவில் எந்தத் தடுப்பும் இல்லை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டவர்களை மறக்க முடியுமா? படத்தில் அருவிக்கரையில் அழகாக ஒரு டென்டைப் போட்டுக் காட்டும்போது, அனுமதி வாங்க வேண்டும் என்று கீழே ஒரு வரி போட்டிருக்கலாம்.

அனுமதி இல்லாமல் போகாதே என்று மட்டும் சொன்னாலும் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், போக ஓர் இடம் காட்ட வேண்டும். பேச்சிப்பாறை அல்லது சிற்றாறு அணைப் பக்கம், யானைத்தடத்தையும் நீர்ப்பிடிப்பையும் விட்டு விலகி, மேடாக்கிய மண் தரை, கழிப்பறை, காவலுக்கு ஊர்க்காரர் ஒருவர், தலைக்கு ஒரு நியாயமான கட்டணம் என்று மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் சேர்ந்து ஒரு கூடாரத் திடல் அமைத்தால் போதும். மலையோரக் கிராமத்தில் நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும். இந்தக் கோரிக்கையை உங்கள் நிருபர் மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கேட்டு, அவர் சொல்கிற பதிலை இதே ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலை நடக்கும் வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்.